ஆழத்தில் பிடித்த பாஸ் மிதக்கிறது: ஊசியா, எடையா, சட்டியா?

தங்கூசி (ஸ்காபரோ):

எல்லோருக்கும் வணக்கம். சிம்கோ ஏரியில் இலையுதிர்காலம் பிறந்ததும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் கரையை விட்டு ஆழத்துக்குப் போய்விடுகிறது. போன சனிக்கிழமை 38 அடித் தண்ணீரில் ட்ராப்ஷாட் (அடியில் எடை, அதற்கு மேலே இரை கட்டிய தூண்டில்) போட்டோம். நல்ல பருமனான மீன்கள் கிடைத்தன. நண்பர்களின் படகும் வந்து சேர்ந்தபின் படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம் என்று படகில் மீனை உயிரோடு வைக்கும் லைவ்வெல் தொட்டியில் வைத்திருந்தோம்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நின்றன. சிறிது நேரம் கழித்து ஒரு மீன் தலையைக் கீழே குத்தி, வாலை மேலே தூக்கியபடி விடாமல் நீந்தத் தொடங்கியது. இன்னொன்று பக்கவாட்டில் சரிந்து மிதந்தது. ஏரியில் விட்டபோதும் அதே கதைதான். இரண்டு முறை கீழே போக முயன்றது, திரும்பவும் மேலே வந்துவிட்டது. கடற்புறாக்கள் இறங்கத் தொடங்கியதும் வலைக்கூடையால் அள்ளி எடுத்துவிட்டோம்.

கூட வந்தவர் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம், வீடியோவில் பார்த்தேன் என்கிறார். எனக்குக் கை வரவில்லை. எங்கே குத்துவது? குத்தாமல் வேறு வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஆழியான் (கிங்ஸ்டன்):

தம்பி, உங்கள் மீன் களைத்துப் போய் மிதக்கவில்லை. மிதப்பைச் சரிசெய்ய அதன் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை வீங்கியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. களைத்த மீன் தொட்டியின் அடியில் படுத்துக்கொள்ளும், செவுள் மெதுவாக அசையும். காற்று ஏறிய மீனுக்குத் தெம்பு இருக்கும். கீழே போக முழு மூச்சாய் முயலும், உடம்பு மேலே தள்ளும். தலை கீழாகவும் வால் மேலாகவும் நீங்கள் பார்த்தது அதுதான். முதலில் ஒழுங்காக நின்றது ஏன் என்றால், துடுப்பை அடித்தே தன்னைக் கீழே பிடித்து வைத்திருந்தது. தெம்பு தீர்ந்ததும் சரிந்துவிட்டது.

கணக்கு எளிது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 38 அடி என்றால் பதினொன்றரை மீட்டர். அங்கே அழுத்தம் மேற்பரப்பைவிட இரு மடங்குக்குச் சற்று அதிகம். அந்த ஆழத்துக்குத் தன் காற்றுப்பையைச் சரிசெய்து வைத்திருந்த மீனை ஒரு நிமிடத்தில் மேலே கொண்டுவந்தால் அதே காற்று இரு மடங்குக்கு மேல் விரியும். உதகை மலைப்பாதையில் ஏறும்போது சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்ளுமே, அதே பௌதிகம்தான். அங்கே விரிவு சிறியது, இங்கே பெரியது.

கடைசிப் பத்து மீட்டர்தான் வில்லன் என்பதையும் கவனியுங்கள். இருபதிலிருந்து பத்து மீட்டருக்கு வரும்போது காற்று ஒன்றரை மடங்குதான் ஆகிறது. பத்திலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்கு. அதனால்தான் ‘நாற்பது அடி ஒன்றும் பெரிய ஆழமில்லையே’ என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். என் கணக்கில் 25 அடியைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சால்மன், ட்ரவுட், கெண்டை இனங்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு, ஏப்பம் விட்டுவிடும். பாஸுக்கு அந்தக் குழாய் கிடையாது. காற்றை இரத்தத்தின் வழியாகத்தான் கூட்டவும் குறைக்கவும் முடியும். அதற்குப் பல மணி நேரம் ஆகும், சில வேளை ஒரு நாளுக்கும் மேல்.


கரைவலை (மார்க்கம்):

இவ்வளவு பௌதிகம் எதற்கு? மீன் மேலே வந்துவிட்டது. மிதக்கிறது. ஒன்ராறியோ விளையாட்டு மீன்பிடி உரிமத்தில் ஆறு பாஸ் வரை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோங்கள். தேங்காய்ப்பால் விட்டு ஒரு வெள்ளைக் குழம்பு, பக்கத்தில் புட்டு. கொக்கியில் மாட்டி, தூக்கி, படம் எடுத்து, ஊசி குத்தி, ‘போய் வா மகனே’ என்று அனுப்புவதில் என்ன கருணை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் ஊரில் மீனைப் பிடித்துவிட்டுத் திரும்பக் கடலில் போட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.


தங்கூசி:

கரைவலை அண்ணை, அன்றைக்கு மிதந்தவை குழம்பாகத்தான் முடிந்தன, கவலை வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் சாப்பிட முடியாதே. ஐந்து பவுண்டு ஸ்மால்மவுத் என்றால் இந்தக் குளிர்நாட்டில் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டியிருக்கும். அதைக் கொல்ல மனம் வரவில்லை.


வைகைக்கரை (டாலஸ்):

டெக்சாஸிலிருந்து ஒரு குரல். இங்கே எங்களுக்கு லார்ஜ்மவுத் பாஸ். ஜூலை, ஆகஸ்டில் மேல்தண்ணீர் கொதிக்கும். பெரிய மீன்கள் 25, 30 அடி ஆழத்து மேடுகளில் கூட்டமாக நிற்கும். மீன்பிடிப் போட்டிக்குப் போகிறவர்கள் ஐந்து மீனை மாலை வரை தொட்டியில் உயிரோடு வைத்திருந்தே ஆக வேண்டும், செத்த மீனுக்கு எடையில் வெட்டு விழும். ஆகவே ஊசி எங்களுக்குப் புதிதில்லை. மாநில மீன்வளத் துறையே செய்முறையைச் சொல்லித்தருகிறது. கையோடு எழுதிவிடுகிறேன், அரைகுறை வீடியோவைப் பார்த்து யாரும் குத்தக் கூடாது.

18 கேஜ் ஊசி, ஒன்று முதல் ஒன்றரை அங்குல நீளம். சிரிஞ்சின் உள்தண்டை உருவிவிடுங்கள், காற்று வெளியே வரப் பாதை வேண்டும். மீனைத் தண்ணீருக்குள் பக்கவாட்டில் பிடியுங்கள். முதுகில் முள்துடுப்பும் மென்துடுப்பும் சேருமிடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கிருந்து மலத்துளைக்கு மனதில் ஒரு கோடு போடுங்கள். உடம்பின் நடுவே ஓடும் பக்கக்கோட்டுக்கு மூன்று முதல் ஐந்து செதில் கீழே, அந்தக் கோட்டின் மேல் வருகிற இடம்தான் இடம். செதிலைத் துளைக்காதீர்கள், அதன் விளிம்புக்கு அடியில் நுனியை நுழைத்துத் தள்ளுங்கள். உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது கைக்குத் தெரியும், உடனே ஊசியின் வாயில் குமிழிகள் வரும்.

வயிற்றை அமுக்காதீர்கள். மீன் தானாக நிமிரப் பார்க்கும் கணத்தில் ஊசியை எடுத்துவிடுங்கள். முழுக்கக் காலி செய்தால் அது கல்லாய் அடியில் கிடக்கும். அடுத்த மீனுக்கு முன் ஊசியைத் துடைத்துக் கிருமிநாசினியில் முக்குங்கள். நுனியில் சதை அடைத்துக்கொண்டால் குமிழி வராது. இடம் தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி குத்துகிறார்கள், பல மீன்கள் அப்படித்தான் பாழாகின்றன.


செதில் (குவெல்ஃப்):

வைகைக்கரை அக்கா சொன்ன இடம் சரி. செய்முறையும் சரி. ஆனாலும் இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடப்போகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். என் படிப்பும் பிழைப்பும் மீன் நோய்கள்தான்.

பாஸின் காற்றுப்பை முதுகெலும்புக்கு நேர் கீழே, உடற்குழியின் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே சிறுநீரகம். கீழே குடல், கல்லீரல், முட்டைப்பை. ஒரு விரற்கடை மேலே போனாலும் கீழே போனாலும் நீங்கள் துளைப்பது வேறொன்றை. இரத்தம் உள்ளே கசிந்தால் மேலே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. மீன் நன்றாக நீந்திப் போய்விட்டது என்று மகிழ்ச்சியாகக் கையசைப்பார். வாய் வழியாகக் குத்தும் முறை இன்னும் ஆபத்து, பெரிய இரத்தக்குழாய்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பழகாதவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

ஒன்ராறியோ இயற்கைவள அமைச்சு 2001-ல் வெளியிட்ட மீளாய்வு, ஊசி குத்துவதை ஊக்கப்படுத்த வேண்டாம் என்ற பக்கமே நின்றது. அதன் பிறகும் ஆய்வுகள் வந்தன. ஒன்ராறியோ–மினசோட்டா எல்லையிலுள்ள ரெய்னி ஏரியில், போட்டியில் பிடித்த ஸ்மால்மவுத்தை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. பாதிப்பு எவ்வளவு கடுமையோ, விட்ட பிறகு மீனின் நடத்தையும் கதியும் அதற்கேற்ப மாறுகின்றன என்றது. ஆக ‘ஒன்றும் செய்யாமல் விட்டால் தானே சரியாகிவிடும்’ என்பதும் உண்மையில்லை, ‘ஊசி குத்தினால் எல்லாம் சரி’ என்பதும் உண்மையில்லை.

என்னைக் கேட்டால் முதல் கேள்வி ஊசி எங்கே என்பதல்ல. மீன் எத்தனை நிமிடமாக மேலே இருக்கிறது என்பதுதான்.


வைகைக்கரை:

செதில் தம்பி, நான் எங்கே ஊசியை முதல் வைத்தியம் என்றேன்? எட்டு மணி நேரம் தொட்டியில் இருக்கப்போகிற மீனுக்கு வேறு என்ன வழி என்று நீங்கள் சொல்லுங்கள். போட்டி மீன் பிடித்த இடத்துக்குத் திரும்பப் போவதில்லை. எடைபோடும் மேடையிலிருந்து விடுவிப்புப் படகில் ஏறி, எங்கோ ஒரு விரிகுடாவில் இறங்கும். மிதந்துகொண்டே அத்தனை நேரம் துடித்தால் துடுப்பு கிழியும், மேல்பக்கம் வெயிலில் காயும். அதற்கு ஒரு துளை மேல்.

போட்டியே வேண்டாம் என்றால் அது வேறு வழக்கு, தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.


செதில்:

அதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. தொட்டியில் நாள் முழுக்க இருக்கப்போகிறது என்றால், பழகிய கை குத்தினால், துளைதான் மேல். தங்கூசியின் கேள்வி வேறு. அவர் போட்டிக்காரர் இல்லை, மீனை அங்கேயே விட இருந்தவர். அவருக்கு ஊசி எதற்கு?


ஆழியான்:

அதுதான் விஷயம். உடனே விடுவதாக இருந்தால் மீனைக் கீழே அனுப்புங்கள், அழுத்தமே வைத்தியம் பார்க்கும். பத்து மீட்டர் இறங்கினால் காற்று தன் பழைய அளவுக்கு வந்துவிடும். துளையும் இல்லை, கிருமியும் இல்லை.

கடலில் இது சட்டமாகவே வந்தது. மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்கக் கூட்டாட்சிக் கடற்பகுதியில் ரெட் ஸ்னாப்பர், களவா முதலிய பாறை மீன் பிடிக்கிறவர்கள் மீனை ஆழத்துக்குக் கொண்டுபோய் விடும் இறக்குக் கருவியோ காற்று வெளியேற்றும் கருவியோ கைக்கெட்டும் தூரத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கடைகளில் விற்கும் சீக்குவலைசர் கருவி மீனின் கீழ்த்தாடையைக் கவ்விப் பிடிக்கும். நாம் முன்பே குறித்து வைத்த ஆழம் வந்ததும் அழுத்தத்தால் தானாக வாய் திறந்து விட்டுவிடும். ஆழம் குறைந்த இடத்துக்கென்றும் ஒரு வகை உண்டு, நம் ஏரிகளுக்கு அதுதான் பொருந்தும்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு நான் செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பெரிய கொக்கி ஒன்றை எடுத்து அதன் நுனியருகே உள்ள எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கயிற்றைக் கொக்கியின் கண்ணில் கட்டாமல் வளைவில் கட்டுங்கள், கண்ணில் ஈயக்குண்டு தொங்கட்டும். இப்போது கொக்கி தலைகீழாக நிற்கும், முனை கீழ்நோக்கி இருக்கும். கீழ்த்தாடையின் மெல்லிய சவ்வில் ஏற்கெனவே கொக்கி போட்ட துளை இருந்தால் அதிலேயே மாட்டலாம். மீன் தலைகீழாக இறங்கும். அடியை நெருங்கியதும் கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் கொக்கி கழன்றுவிடும். நான்கு பவுண்டு மீனுக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் தொடங்கிப் பாருங்கள், இறங்க மறுத்தால் கூட்டுங்கள்.

இதற்கென்று ஒரு தூண்டில் கோலைத் தனியாகத் தயாராக வையுங்கள். மீன் வந்தபிறகு கருவியைத் தேடத் தொடங்கினால் ஐந்து நிமிடம் போய்விடும், அந்த ஐந்து நிமிடம்தான் உயிர்.

கொக்கியைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் விட்டால் பல மீன்களுக்கு இதுவும் தேவைப்படாது. வேகமாகத் தலைகீழாகத் தண்ணீரில் செலுத்தினால் அந்த உந்துதலிலேயே கீழே போய்விடும். காற்று அழுத்தி வலுவிழக்கும் முன் அது ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான்.


புதுத்தூண்டில் (மிசிசாகா):

இடையில் ஒரு கேள்வி ஐயா. மெதுவாகச் சுற்றி எடுத்தால் மீன் வழியிலேயே பழகிக்கொள்ளும், முங்குநீச்சல்காரர்கள் அப்படித்தான் நின்று நின்று வருகிறார்கள் என்று படகுத்துறையில் ஒருவர் சொன்னார். சரியா?


செதில்:

சரியில்லை. முங்குநீச்சல்காரர் மூச்சை வெளியே விட முடியும். பாஸால் முடியாது. காற்றை உறிஞ்சிக் குறைக்க அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும் என்று ஆழியான் மேலே சொல்லிவிட்டார். நீங்கள் இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் இழுத்தால் காற்றில் மாற்றம் ஒன்றும் இருக்காது. மீன் மட்டும் கூடுதலாகக் களைத்திருக்கும், தசையில் லாக்டிக் அமிலம் ஏறியிருக்கும். வலுவான தூண்டில் நரம்பு போட்டு விரைவாக எடுங்கள், விரைவாக விடுங்கள்.

இன்னொன்று. ஒரே ஆழத்தில் பிடித்த இரண்டு மீனில் ஒன்று வீங்கும், மற்றது ஒன்றும் நடக்காததுபோல் ஓடிவிடும். பலர் இதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். மீன் உங்கள் இரையைக் கவ்விய ஆழமும் அதன் காற்றுப்பை சரிசெய்யப்பட்டிருந்த ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இருபது அடியில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் நாற்பதுக்கு இறங்கிக் கோபி என்ற சிறு மீனைத் தின்ன வந்த பாஸுக்குள் இருப்பது இருபது அடிக் காற்றுதான். நாட்கணக்கில் அந்த அடியிலேயே கிடந்த மீனுக்குள் இருப்பது நாற்பது அடிக் காற்று. வெளியே இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.


முத்துநகர் (தூத்துக்குடி):

பாஸ் நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதுவதையெல்லாம் களவாயில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் பாறைப் பாரில் கைத்தூண்டில் போட்டு ஆழத்திலிருந்து களவாய் ஏற்றினால் கண் பிதுங்கி, வாயில் பலூனாக ஒன்று தள்ளிக்கொண்டு வரும். அது காற்றுப்பை என்று பலர் நினைக்கிறார்கள். இரைப்பை அது. உள்ளே காற்றுப்பை வீங்கி இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளுகிறது. எங்களுக்கு அது ஐஸ் பெட்டிக்குப் போகிற மீன், ஆகவே யாரும் கவலைப்படுவதில்லை. தென்கிழக்கு ஆசியாவில் உயிர்க்களவாய் வியாபாரம் செய்கிறவர்கள் ஊசியால்தான் காற்றை இறக்குகிறார்கள், உயிரோடு இருந்தால்தான் அங்கே விலை.

பாஸுக்கும் வாயில் இப்படி வருமா?


செதில்:

வரும், ஆனால் களவாய் அளவுக்கு அடிக்கடி இல்லை. வந்தால் இரண்டு விஷயம். அதைக் குத்தாதீர்கள், குத்தினால் இரைப்பையில் ஓட்டை. விரலால் உள்ளே தள்ளவும் வேண்டாம். மீனைக் கீழே அனுப்பினால் அழுத்தம் கூடியதும் தானாக உள்ளே போய்விடும். பாஸில் அடிக்கடி பார்க்கக்கூடியவை வயிறு புடைத்திருப்பது, மலத்துளை வெளியே தள்ளியிருப்பது, துடுப்பின் அடியில் சிவந்த புள்ளிகள், சவ்வில் சின்னக் குமிழிகள். கண் பிதுங்கியிருந்தால் நிலைமை கடுமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.


தங்கூசி:

இறக்குக் கருவி இன்றிரவே செய்கிறேன். ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. சில வேளை மீனைத் தொட்டியில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டி வருகிறது. பிள்ளைகள் அடுத்த படகில் வருவார்கள், பார்க்க ஆசைப்படுவார்கள். அந்த நேரத்தில் தொட்டியை எப்படிப் பராமரிப்பது?


வைகைக்கரை:

இதைப் பற்றி நான் விடிய விடியப் பேசுவேன், ஏனென்றால் இங்கே மீன் சாவது பெரும்பாலும் தொட்டியில்தான். ஊசிச் சண்டையில் எல்லோரும் இதை மறந்துவிடுகிறோம்.

வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரைந்திருக்க முடியும், 30 பாகையில் ஏழரைதான். மீன் செலவழிப்பதோ வெந்நீரில் அதிகம். ஐந்து பெரிய மீனை ஒரு தொட்டியில் அடைத்து, ‘பேட்டரி தீர்ந்துவிடும்’ என்று பம்பைத் தானியங்கி நேரக்கட்டுப்பாட்டில் விட்டு விட்டு ஓடவிடுகிறவர்கள் மாலையில் அழுகிறார்கள். பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே விடக் கூடாது என்பதே பொதுவான வரையறை.

கோடையில் ஆழத்து மீனுக்கு இன்னொரு கொடுமை உண்டு. அது குளிர்ந்த தண்ணீரிலிருந்து வருகிறது, உங்கள் தொட்டியில் இருப்பது மேல்தண்ணீர். நான் அரை கேலன் பிளாஸ்டிக் குடுவைகளில் தண்ணீர் உறையவைத்துக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகத் தொட்டியில் மிதக்கவிடுகிறேன். மூடிய குடுவை என்பதால் குழாய்த்தண்ணீரின் குளோரின் தொட்டியில் கலக்காது. ஏரித் தண்ணீரைவிட ஐந்து பாகை செல்சியஸுக்கு மேல் குளிரவைக்காதீர்கள், திரும்ப வெந்நீரில் விடும்போது அதுவே அடியாகிவிடும். ஐஸ் போட்டால் வெளியிலிருந்து தண்ணீர் எடுக்கும் பம்பை நிறுத்தி உள்சுழற்சியில் வையுங்கள், அவ்வப்போது பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அம்மோனியா சேரும்.

உப்பு: அயோடின் சேர்க்காத கல்லுப்பு, லிட்டருக்கு 3 கிராம். களைத்த மீனின் உடலிலிருந்து உப்பு கசிவதை இது குறைக்கும். காற்று ஏறிய மீனுக்கு உப்பு எதுவும் செய்யாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

துடுப்பில் மாட்டும் எடைக் கிளிப்புகளும் கடையில் இருக்கின்றன. அடித்துடுப்பில் மாட்டினால் மீன் நிமிர்ந்து நிற்கும், செவுளில் தண்ணீர் ஒழுங்காக ஓடும். காற்று உள்ளேயே இருக்கிறது என்பதை மறந்து, ‘சரியாகிவிட்டது’ என்று கிளிப்பைக் கழற்றி ஏரியில் விட்டால் பழைய கதைதான். விடும்போது மேலே சொன்ன எடையோடு கீழே அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காட்ட என்றால், ஆழமில்லாத இடத்தில் பிடித்த மீனைக் காட்டுங்களேன்.


கரைவலை:

இத்தனையையும் படித்தேன். குடுவையில் ஐஸ், அயோடின் இல்லாத உப்பு, துடுப்புக்குக் கிளிப்பு. என் மாமியாரைக்கூட நாங்கள் இப்படிக் கவனித்ததில்லை.

பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு சட்ட விஷயம். லைவ்வெல்லில் வைத்த மீன் நீங்கள் வைத்துக்கொண்ட மீன், அன்றைய எண்ணிக்கையில் சேரும். பிறகு அதை விடுவிப்பதற்கு ஒன்ராறியோவில் நிபந்தனைகள் உண்டு; காற்றூட்டும் தொட்டி இருக்க வேண்டும், மீன் உயிர்பிழைக்கும் நிலையில் இருக்க வேண்டும். உண்ணத்தக்க மீனை வீணாக்குவது குற்றம். மிதக்கிற மீனைக் கடற்புறாவுக்கு விட்டுவிட்டு வருகிறவர்கள் எந்தக் கருணையைப் பற்றிக் கதைக்கிறார்கள்?


ஆழியான்:

அண்ணை, சட்டத்தில் நீங்கள் சொல்வது சரி, கருணையிலும் பாதி சரி. என் முறை இது: 35 அடிக்கு மேல் ஆழத்தில் போடும் நாளில், சாப்பிடுவதற்கு இரண்டு மூன்று மீன் எடுத்ததும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன். பிறகு ஆழம் குறைந்த பாறைகளுக்குப் போய்ப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவேன். அளவு அதிகமான கிழட்டு மீனைச் சாப்பிடச் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வயது கூடக் கூடப் பாதரசமும் கூடும். மாகாண அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் ஏரிவாரியாக, நீளவாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை என்று போட்டிருக்கிறார்கள். சட்டிக்கு நடுத்தர மீன்தான் சுவையும் பாதுகாப்பும்.

செயிண்ட் கிளேர் ஏரிக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. கப்பல் கால்வாயை விட்டால் ஏரியே இருபது அடிச் சொச்சம்தான். ஈரி ஏரியின் கிழக்குப் பகுதியிலும், ஒன்ராறியோ ஏரியின் இந்தக் கிழக்கு முனையிலும், செயிண்ட் லாரன்ஸ் ஆற்றிலும்தான் சிக்கல். சீப்ரா சிப்பி வந்தபின் தண்ணீர் தெளிந்துவிட்டது. உருண்டைக் கோபி, அதாவது நம் ஊர் உளுவையின் சொந்தக்கார மீன், அடியெங்கும் பரவிக் கிடக்கிறது. பாஸுக்கு அடியில் விருந்து வைத்தாயிற்று, பிறகு ஏன் மேலே வரும்?

போதாததற்கு இப்போது முன்னோக்கிப் பார்க்கும் சோனார் வேறு. ஐம்பது அடியில் தனியாகத் திரியும் மீனைத் திரையில் பார்த்து, அதன் மூக்குக்கு முன்னால் இரையை இறக்குகிறார்கள். முன்பு அந்த ஆழமே அதற்குப் பாதுகாப்பாக இருந்தது. இந்தக் கருவியைத் தடை செய்யச் சொல்லவில்லை. அதை வாங்கியவர் இருபது டாலருக்கு ஓர் இறக்குக் கருவியும் வாங்கட்டும்.


புதுத்தூண்டில்:

கரைவலை ஐயா, அந்த வெள்ளைக் குழம்பின் செய்முறையையும் போடுங்கள்.


மட்டுறுத்துநர்:

செய்முறையைச் ‘சட்டி’ பகுதியில் போடவும். சோனார் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். இங்கே தொடர வேண்டாம். ஊசிச் செய்முறையை நீக்கச் சொல்லி இருவர் தனிமடல் அனுப்பினார்கள். எச்சரிக்கையும் அதனடியிலேயே இருப்பதால் விட்டுவைக்கிறேன்.


தங்கூசி:

கொக்கிக் கருவி தயார். குளிர்காலத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். சிம்கோவில் பனிக்கட்டி மேல் துளையிட்டு லேக் ட்ரவுட்டும் பெர்ச்சும் பிடிக்கிறோம். லேக் ட்ரவுட் எண்பது, தொண்ணூறு அடியிலிருந்து வருகிறது. அதற்கும் இதே எடைதானா?


செதில்:

லேக் ட்ரவுட்டுக்குத் தொண்டைக்குழாய் உண்டு, ஆகவே வருகிற வழியிலேயே காற்றை விட்டுக்கொண்டு வரும். மேலே வரும் முன் துளையில் குமிழிகள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். வயிறு இன்னும் புடைத்திருந்தால் தண்ணீரிலேயே பிடித்து, மலத்துளைப் பக்கத்திலிருந்து தலையை நோக்கி மெதுவாகத் தடவிவிடுங்கள், மிச்சமும் ஏப்பமாக வந்துவிடும். பனிக்கட்டி மேல் போட்டுப் படம் எடுக்க வேண்டாம், கடுங்குளிரில் செவுளும் கண்ணும் உறைந்துவிடும்.

பெர்ச்சும் வால்ஐ என்ற மீனும் பாஸ் கட்சி. குழாய் இல்லை. நாற்பது அடிப் பெர்ச் வாயில் இரைப்பையோடு வந்தால் அதை வாளியில் போடுங்கள். சிறியதாக இருக்கிறது என்று திருப்பி விட்டால் துளைக்கு அடியில், பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டு மிதக்கும். உங்கள் கண்ணுக்கும் தெரியாது. சிறிய பெர்ச்சே தொடர்ந்து வந்தால் துளையை இருபது அடித் தண்ணீருக்கு மாற்றுங்கள்.